தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு புஷ்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். "வந்து", "ஆக்சுவலா" எல்லாம் முடிந்தவரை வெட்டியாச்சு.)

போன மாசம் எங்க வீட்டு காரில் ஒரு சத்தம் ஆரம்பிச்சது. 2003 மாடல், சின்ன ஹேட்ச்பேக். கம்பெனி பேர் வேண்டாம், இருபது வருஷம் ஓடின வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் அது கம்பெனி தப்பு கிடையாது. பெரிய தெருவிலிருந்து திருப்பும்போது காலுக்குக் கீழே "டக்". நேராக்கும்போது இன்னொரு "டக்". ஐஸ் ஹவுஸ் பக்கம் சின்னச் சின்னப் பள்ளம் வந்தா "கடகட". அதைவிட மோசம், பீச் ரோட்டில் ஐம்பதுக்கு மேல போனா வண்டி நான் சொல்றதை ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் கேக்குது. நான் சர்வர் லேட்டன்சியைப் பத்தி நாள் முழுக்க மீட்டிங்ல பேசறவன். வீட்டு ஸ்டீயரிங்லயே லேட்டன்சி.

ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினோம். "ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு சார், அசெம்பிளி முழுசா மாத்தணும்." 14,000 ரூபாய். வண்டியை வித்தாலே 40,000 வருமாங்கறது சந்தேகம். அப்பா கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டறதை நிறுத்திட்டார். பில் மதிப்பீட்டைப் பார்த்துட்டு, "குடுத்துடலாம்டா, யாராவது இரும்புக்கு எடுத்துப்பான்" அப்படின்னார். சொன்ன விதம் சாதாரணமாத்தான் இருந்தது. ஆனா அன்னிக்கு சாயங்காலம் அவர் கீழே போய் வண்டியைத் துடைச்சுக்கிட்டிருந்ததை பால்கனியிலிருந்து பார்த்தேன்.

கடைசி முயற்சியா, ஜாம் பஜார் பின்பக்கம் ஒரு சந்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற பாய்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் என்னை டிரைவர் சீட்ல உட்கார வச்சு, "இஞ்சினை ஆஃப் பண்ணு, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமா ஆட்டு"ன்னார். அவர் முன்னாடி குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தார். ரெண்டு நிமிஷம். வெளியே வந்து சொன்ன வாக்கியம்தான் இந்த எபிசோட்: "ரேக் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதைப் பிடிச்சிருக்கிற ரப்பர்தான் செத்துப்போச்சு."

பாய்க்கு இப்போ அறுபத்தஞ்சுக்கு மேல. பத்து பன்னிரண்டு வயசுல புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் பையனா சேர்ந்தவர். அவர் முதன்முதலா மாத்தின ரேக் புஷ் எந்தக் கார்ல தெரியுமா? ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம ஊர்ல, வண்டலூர் பக்கம் பெருங்களத்தூர்ல செஞ்ச கார். என்னைவிட வயசானவங்க கேட்டுக்கிட்டிருந்தா இப்போ ஒரு "ஆஹா" வந்திருக்கும். மத்தவங்க இருங்க, அங்கேதான் போகப்போறோம்.

முதல்ல அடிப்படை. வண்டியைத் திருப்பறதுங்கறது எவ்வளவு கஷ்டமான பிரச்சினைன்னு தெரியணும்னா எங்க தெருவுக்கு சித்திரை மாசம் வரணும். பார்த்தசாரதி கோயில் பிரம்மோற்சவம், தேர். ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா? எங்க ஊர் பெருமாள் பேரே சாரதி. அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டினவர், பீஷ்மர் விட்ட அம்பின் தழும்போட உற்சவர் முகம். இந்தியாவிலேயே டிரைவருக்குக் கட்டின பெரிய கோயில் எங்க பேட்டையில் இருக்குன்னு நான் ஆபீஸ்ல பெருமையா சொல்றது உண்டு. ஆனா அந்த டிரைவர் பவனி வர்ற தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரமும் அச்சும் நேரா மட்டும்தான் போகும். மாட வீதி முனையில் திருப்பணும்னா சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து, ஒரு பக்கம் தடுத்து, வழுக்கவிட்டு, இழுத்துத் திருப்பணும். முட்டுக்கட்டை. நாம "வேலைக்கு முட்டுக்கட்டை போடறான்"னு திட்டறோமே, அந்த ஆள் இல்லைன்னா தேர் எதிர் வீட்டுத் திண்ணைக்குள்ள போயிருக்கும்.

குதிரை வண்டிகளில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தீர்வு 1816 வாக்கில் மியூனிக்ல வந்தது. கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர்னு ஒரு கோச் வண்டி செய்யறவர். முன் அச்சு முழுசா திரும்பறதுக்குப் பதிலா, ரெண்டு சக்கரமும் தனித்தனியா திரும்பட்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகமா திரும்பட்டும்னார். காரணம் எளிது, உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்துல போகுது. அவருக்காக லண்டன்ல 1818இல் காப்புரிமை வாங்கினவர் ருடால்ஃப் அக்கர்மன், ஓவியப் புத்தகங்கள் போடற பதிப்பாளர். இன்னிக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜ்லயும் அது "அக்கர்மன் ஸ்டீயரிங்". கோட் எழுதினவன் ஒருத்தன், கமிட்ல இருக்கிற பேர் வேற ஒருத்தன்.

சரி, ரெண்டு சக்கரமும் தனியா திரும்பும். நம்ம கையால சுத்தற வட்டை எப்படி அந்தத் திருப்பலா மாத்தறது? ரெண்டு முக்கிய வழி. ஒண்ணு, பல் சக்கரங்களை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு, அதிலிருந்து கம்பிகள், மூட்டுகள் வழியா சக்கரத்துக்குப் போறது. ஸ்டீயரிங் பாக்ஸ். லாரி, ஜீப்பெல்லாம் ரொம்ப காலம் இதுதான். இன்னொண்ணு ரொம்ப நேரடியானது: ஸ்டீயரிங் கம்பியோட அடியில் ஒரு சின்னப் பல் சக்கரம், அதுக்குப் பேர் பினியன். அது ஒரு பல் வச்ச நீளத் தண்டை இடமும் வலமும் தள்ளும். அந்தத் தண்டுதான் ரேக். ரேக் முனையில் டை ராடு, அதுல சக்கரம். முடிஞ்சது. கார்ல் பென்ஸ் 1885இல் செஞ்ச மூணு சக்கர வண்டியிலேயே பல் வச்ச தண்டு இருந்தது. ஐரோப்பாவில் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான்ட் 1936இல் இதுக்கு மாறிச்சு. 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைச்ச மோரிஸ் மைனர் வந்தப்புறம் பிரிட்டிஷ் சின்னக் கார்களுக்கு இது வழக்கமாச்சு.

ரேக் அண்ட் பினியன்ல பாகம் கம்மி, எடை கம்மி, சொன்னா சொன்ன நேரத்தில் கேக்கும். ஆனா நேரடியா பேசறவனோட பிரச்சினை அவன் எல்லாத்தையும் நேரடியா பேசுவான். ரோட்ல ஒரு கல் இருந்தா அது உங்க உள்ளங்கைக்கு வரும். பாக்ஸ் ஸ்டீயரிங் அந்த அடியை வழியிலேயே கொஞ்சம் விழுங்கிடும், ரேக் விழுங்காது. அதனால ரேக் இருக்கிற குழாயை வண்டியோட சட்டத்துல நேரா போல்ட் போடாம, நடுவில் ரப்பரைக் கொடுத்து, மேல ஒரு கிளாம்ப்பால பிடிக்கிறாங்க. அந்த ரப்பர்தான் ரேக் மவுன்டிங் புஷ். உள்ளங்கை அளவுகூட இல்லை. வண்டியோட கம்பீரம் முழுக்க அது மேலதான் உட்கார்ந்திருக்கு.

அது தேஞ்சா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். ஸ்டீயரிங் ஒரு முழுச் சுத்து சுத்தினா ரேக் சுமாரா 40 மில்லிமீட்டர் நகருதுன்னு வச்சுக்கோங்க. ரப்பர் தேஞ்சு குழாயே 2 மில்லிமீட்டர் ஆடினா, நீங்க 18 டிகிரி திருப்பின பிறகுதான் சக்கரத்துக்கு சேதி போகும். கடிகாரத்துல நிமிஷ முள் மூணு நிமிஷம் நகர்ற தூரம். பீச் ரோட்ல எனக்கு வந்த பயம் அந்த மூணு நிமிஷம்தான். அம்மா முன் சீட்ல உட்கார மாட்டேன்னு சொன்னதும் அதுக்குத்தான்.

இந்த இடத்துல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். பட்டறைகளில் "ரேக் புஷ்"னு ரெண்டு வேற சாமானைச் சொல்றாங்க. ஒண்ணு நான் இப்போ சொன்ன, குழாய்க்கு வெளியே இருக்கிற ரப்பர். இன்னொண்ணு குழாய்க்குள்ளே, பினியன் இல்லாத முனையில், தண்டு ஆடாம வழுக்கிக்கிட்டு போறதுக்காக வைக்கிற பிளாஸ்டிக் வளையம். அது தேஞ்சாலும் பள்ளத்துல கடகடன்னுதான் சத்தம். அதை மாத்த ரேக்கைக் கழட்டி எடுக்கணும், வேலை பெருசு. சத்தத்தை வச்சு மட்டும் இது அதுன்னு சொல்ல முடியாது. அதனாலதான் பாய் என்னை ஆட்டச் சொல்லிட்டு குழாயைப் பார்த்தார். குழாயே நகர்ந்தா வெளி ரப்பர். குழாய் அசையாம முனையில் தண்டு மட்டும் ஆடினா உள் வளையம். ரெண்டு நிமிஷ டெஸ்ட். 14,000 ரூபாய் மதிப்பீடு போட்ட இடத்துல அதை யாரும் செய்யலை. அவங்களைக் குத்தம் சொல்லலை, அங்கே ஒரு வண்டிக்கு ஒதுக்கற நேரம் அப்படி, கம்ப்யூட்டர்ல இருக்கிற பார்ட் நம்பரும் அசெம்பிளிக்குத்தான்.

இப்போ ஹெரால்ட்.

சுதந்திரத்துக்கு முன்னாடியே சென்னையில் கார் கம்பெனிகள் இருந்தன. ஃபோர்டு 1926லேயே இந்தியாவுக்கு வந்தாச்சு, இங்கேயும் ஒரு கிளை. பாகங்கள் கப்பல்ல வரும், இங்கே பூட்டுவாங்க. 1953இல் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது: சும்மா பூட்டி விக்கிறது போதாது, படிப்படியா உள்ளூர்லயே பாகங்களைச் செய்யத் திட்டம் இருக்கிறவங்க மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954இல் கிளம்பினாங்க. (ஃபோர்டு பிறகு மறைமலை நகருக்கு வந்து, 2021இல் மறுபடி மூடறதா அறிவிச்ச கதை உங்களுக்கே தெரியும். இந்த ஊர்ல ரெண்டு தடவை மூட்டை கட்டின கம்பெனி.) மிச்சம் இருந்தவங்க கையில்தான் அடுத்த முப்பது வருஷ இந்தியக் கார் வரலாறு. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல், யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது. முதல்ல வான்கார்ட், அப்புறம் எய்ட், டென். 1961இல் ஹெரால்ட். இங்கிலாந்துல அதுக்குப் பேர் டிரையம்ஃப் ஹெரால்ட், 1959இல் வந்தது, வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி.

அந்தக் கார் அப்படி இருந்ததுக்கு ஒரு வணிகக் காரணம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்தக் காலத்துல மத்த கம்பெனிகள் எல்லாம் உடம்பையும் சட்டத்தையும் ஒண்ணா வார்க்கிற முறைக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிடுச்சு. முழு பாடியை செஞ்சு தர ஆள் இல்லை. வேற வழியில்லாம, தனி சட்டம் போட்டு, அது மேல துண்டு துண்டா பாடியை போல்ட் பண்ற மாதிரி காரை வடிவமைச்சாங்க. வெண்டர் கைவிட்டதால வந்த மாடுலர் ஆர்க்கிடெக்சர்! ஆனா அந்தக் கட்டாயம் மெக்கானிக்குக் கிடைச்ச வரம். ஹெரால்ட்ல பானெட், ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டா முன்பக்கமா மலர்ந்து திறக்கும். முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ரேக் கண்ணுக்கு நேரா, கைக்கு எட்டற இடத்துல. பாய் சொல்றார், "அந்த வண்டில குனிஞ்ச ஞாபகமே இல்லை. இப்போ வர்ற வண்டிலதான் என் முட்டி போச்சு."

இன்னொரு அதிசயம் அதோட திருப்பு வட்டம். 25 அடி. லண்டன் டாக்ஸிகளுக்கு சட்டப்படி கேக்கிற அளவு அது. அதே காலத்து அம்பாசடருக்கு 35 அடி. சிங்கராச்சாரி தெருவில் காலையில் பால் வண்டி, பூக்காரம்மா, ஒரு மாடு, மூணு சைக்கிள் இருக்கும்போது யு டர்ன் போட்டுப் பார்த்தவங்களுக்கு அந்த பத்து அடியோட மதிப்பு தெரியும். இத்தனைக்கும் அம்பாசடரும் ரேக் அண்ட் பினியன்தான். அதோட மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு, அதே பிரிட்டிஷ் குடும்பம். ஃபியட்ல மட்டும் பாக்ஸ். நம்ம தாத்தாக்களுக்கு இருந்த மூணு சாய்ஸ்ல ரெண்டு ரேக் வண்டிங்கறதே எனக்குப் புதுச் செய்தி. மாருதி 800 வந்து 1983இல்தான் இந்தியாவுக்கு ரேக் ஸ்டீயரிங் வந்ததுன்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஹெரால்ட் ரேக்கை முன் சட்டத்துல ரெண்டு யு போல்ட் பிடிச்சிருக்கும், அதுக்கு நடுவில் ரப்பர். அந்த இடம் சரியா இஞ்சினுக்கு முன்பக்கக் கீழே. இஞ்சின்ல ஆயில் கசிஞ்சா எங்கே சொட்டும்? அங்கேதான். இயற்கை ரப்பருக்கு வெயில் எதிரி, பழக்கம் எதிரி, ஆனா பரம எதிரி மினரல் ஆயில். ஆயிலைக் குடிச்சு உப்பி, ஊறின பிஸ்கட் மாதிரி ஆயிடும். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தோட சூடாக்கி ரப்பரை வலுவாக்கின வித்தை எல்லாம் ஆயிலுக்கு முன்னாடி முழுசா பலிக்காது. ஆயிலைத் தாங்க நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பர்கள் பின்னாடி வந்தன.

புது ரப்பர் போடறதுலயும் ஒரு சூட்சுமம். சும்மா வச்சு நட்டை முறுக்கினா போதாது. யு போல்ட்டை வெளிப்பக்கமா தள்ளிப் பிடிச்சு, ரப்பர் நசுங்கி இருக்கிற நிலையிலேயே டைட் பண்ணணும். இல்லைன்னா புது புஷ்ஷும் பழசு மாதிரிதான் ஆடும். பாய் பையனா இருந்தப்போ அவர் வேலையே அதுதானாம். ஒரு இரும்புக் கம்பியை வச்சு நெம்பிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், உஸ்தாத் நட்டு போடுவார். கை வழுக்கினா ஒரு அறை.

அந்த ரப்பர் எங்கேயிருந்து வந்தது? 1950களின் கடைசியில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி. இறக்குமதி சாமான் குதிரைக்கொம்பு. கவென்ட்ரியிலிருந்து ஒரு ஜோடி புஷ் வரவழைக்க யாரால முடியும்? இந்த இடத்துலதான் சென்னை வேற ஊர்களைவிட அதிர்ஷ்டம் செஞ்சதுன்னு நினைக்கிறேன். 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, 1964இல் அம்பத்தூர். அப்போ தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன். பெரிய கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செஞ்சு கொடுக்கிற சின்னச் சின்ன யூனிட்கள் முளைச்ச காலம். 1929இல் மெட்ராஸில் ஆரம்பிச்ச ரானே, உதிரிபாகங்களை விக்கிறதுல தொடங்கி, ஸ்டீயரிங் பாகங்களைச் செய்யற கம்பெனியா வளர்ந்தது. டிவிஎஸ் குடும்பக் கம்பெனிகள் ஒரு பக்கம். திருவொற்றியூர்ல 1946இல் பலூன் செஞ்சு தொடங்கின எம்ஆர்எஃப் ஒரு பக்கம். பெயர் தெரியாத, ஒரே ஒரு மோல்டிங் பிரஸ் வச்சிருந்த கொட்டகைகள் அதுக்கு நடுவில். எல்லாருக்கும் கச்சாப்பொருள் பக்கத்து மலையிலிருந்து வரும், கன்னியாகுமரியிலிருந்தும் கேரளாவிலிருந்தும்.

பெரியவங்க செய்யறது புது வண்டிக்குப் போகும். தெருவுக்கு வந்தது புதுப்பேட்டை. மவுன்ட் ரோட்டிலிருந்து கூவம் பக்கம் நடந்தா பத்து நிமிஷம். இந்தப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அது புதுச் சாமான், சீட் கவர், ஹாரன். புதுப்பேட்டை வண்டியை உரிக்கிற இடம். "காலையில் காணாமப் போன வண்டி மத்தியானம் புதுப்பேட்டையில் நாலு கடையில் இருக்கும்"னு ஊர்ல ஒரு ஜோக். செல்வராகவன் படத்துக்கு அப்புறம் அந்தப் பேரே கொஞ்சம் பயமுறுத்துது. எனக்கு அந்த ஜோக் பிடிக்கறதில்லை. இறக்குமதி இல்லாத நாட்டுல ஒரு செத்த வண்டி இன்னும் பத்து வண்டியை ஓட வச்சதுன்னா, அந்தத் தொழிலைச் செஞ்சவங்களுக்கு நன்றிதான் சொல்லணும். பாய் அங்கே பார்த்த புஷ்களைச் சொன்னார்: உரிச்ச வண்டியிலிருந்து வந்தது, லோக்கல் மோல்டிங், ரெண்டும் கிடைக்காத நாளில் லாரி டியூப் பட்டையை வெட்டி ரேக்கைச் சுத்திக் கட்டினது. அந்த டியூப் புஷ் மூணு மாசம் தாங்குமாம். "மூணு மாசம் கழிச்சு மறுபடி வருவாங்க, டீ செலவுக்கு ஆகும்"னு சிரிச்சார்.

இவ்வளவு நல்ல ஸ்டீயரிங் இருந்தும் ஹெரால்ட் ஏன் தோத்தது? தோத்தது பின்பக்கத்துல. பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில், ரெண்டு பக்கமும் தனித்தனியா ஊசலாடற அமைப்பு. நாலு பேர் கணக்குக்குச் செஞ்ச வண்டியில் நாம ஏழு பேரும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஏத்தினோம். பின்சக்கரம் ரெண்டும் விரிஞ்சு நிக்கும். மெக்கானிக்குகளுக்கு அந்த அமைப்பு மேல நம்பிக்கை வரலை. போதாததுக்கு ரெண்டே கதவு, புடவை கட்டின பாட்டியைப் பின்சீட்டுக்கு அனுப்பறது ஒரு சர்க்கஸ். 1960களின் கடைசியில் நாலு கதவு வந்தது. 1970களின் தொடக்கத்தில் கஸல்னு ஒரு மாடல், பின்பக்கம் மாமூல் ஆக்ஸிலோட. 1977இல் அதுவும் நின்னுது. டாக்ஸி ஆர்டர்களெல்லாம் கல்கத்தாவில் அம்பாசடருக்கும் பம்பாயில் ஃபியட்டுக்கும் போயாச்சு. 1985இல் ரோவர் எஸ்டி1 உடம்புக்குள்ள பழைய வான்கார்ட் இஞ்சினை வச்சு ஸ்டாண்டர்ட் 2000. என் கருத்து, அது கார் இல்லை, பழைய பேக்எண்டுக்குப் போட்ட புது யுஐ. 1988இல் கதவு மூடியாச்சு.

அந்த நிலம் 2006இல் கைமாறிச்சு. ஜிஎஸ்டி ரோட்ல போனா இப்போ அங்கே ஐடி பார்க்கும் அடுக்குமாடிகளும். என் முதல் வேலைக்கு ஒரு வருஷம் தினமும் அந்த வளாகத்துக்குள்ள போயிருக்கேன். பெருங்களத்தூர் ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ. என் டெஸ்க் இருந்த இடத்துல எந்த லைன் ஓடினதோ. ஆபீஸ்ல ஒருத்தர்கூட சொல்லலை, நானும் கேட்கலை.

சரி, என் வண்டி. சாமான் வாங்க பாய் என்னையும் புதுப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனார். மூணு கடை. முதல் கடை புஷ்ஷை நகத்தால அழுத்திப் பார்த்துட்டு கீழே வச்சார், கல் மாதிரி இருந்தது. ரெண்டாவது ரொம்ப மெத்து. ரப்பரோட கடினத்தை அளக்க ஷோர் ஏன்னு ஒரு அளவுகோலே இருக்கு, பாய்க்கு அது நகம். நான் மொபைல்ல பார்த்து வச்சிருந்த பாலியூரித்தேன் புஷ்ஷைக் காட்டினேன். ரேஸ் ஓட்டறவங்க போடறது, ஆயில் படாது, ஆயுசு அதிகம். அவர், "போடலாம் தம்பி, ஸ்டீயரிங் கத்தி மாதிரி இருக்கும். ஆனா உங்க அம்மா முன்னாடி உட்காரணும்னு சொன்னியே, ரோட்ல இருக்கிற ஒவ்வொரு கல்லும் அவங்களுக்குக் கணக்கு தெரியும்"னார். மூணாவது கடையில் ரப்பர். ஒரு ஜோடி 220 ரூபாய்.

வேலை ரெண்டு மணி நேரம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீங்க, விளையாட்டா சொல்லலை), முன் சக்கரங்களைக் கழட்டி, ரெண்டு கிளாம்ப், நாலு போல்ட். ஒரு போல்ட் துருப்பிடிச்சு அசையலை. அதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். துரு விடுவிக்கற ஸ்ப்ரேயை அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டோம், அதுதான் முறையாம். பழைய ரப்பர் கைக்கு வந்தப்போ ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு, இன்னொரு பக்கம் விரல் நுழையற விரிசல். புதுசை ஏத்த கிரீஸ் தொடக்கூடாது, சோப்புத் தண்ணி மட்டும். புஷ்ஷோட கீறல் எந்தப் பக்கம் பார்க்கணும்னு பாய் ரெண்டு தடவை திருப்பிக் காட்டினார். போல்ட் முறுக்கும்போது ஒண்ணை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாம, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா. டை ராடைத் தொடாததால அலைன்மென்ட் பெருசா மாறியிருக்காது, ஆனாலும் காட்டிடுன்னார். கூலி 900.

நான் எல்லாத்தையும் வீடியோ எடுத்தேன். பாய் வேலை செய்யற சந்துல அந்தக் கட்டிடத்தை இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டப் போறாங்க. அடுத்த வருஷம் பொங்கலுக்குள்ள காலி பண்ணணும். வேற இடம் பார்க்கறீங்களான்னு கேட்டதுக்கு, "எதுக்கு தம்பி, இப்போ வர்ற வண்டிக்கு லேப்டாப் வேணும், அது உன் வேலை"ன்னார். கிண்டலா சொன்னாரா, நிஜமாவான்னு தெரியலை. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வந்தப்புறம் நிறைய வண்டிகளில் ஸ்டீயரிங்ல கை வைக்க ஸ்கேனர் வேணும்ங்கறது நிஜம்தான். ஆனா அந்த வண்டிகளிலும் ரேக்கை யாரோ பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும், அங்கேயும் ரப்பர்தான் இருக்கு. நிமிஷ முள் டெஸ்ட் அதுக்கும் செல்லும்.

சாயங்காலம் அப்பாவை முன் சீட்ல உட்கார வச்சு பீச் ரோடு போனேன். ஐம்பது, அறுபது. திருப்பினா திரும்புது. சத்தம் இல்லை. திரும்பி வரும்போது பைக்ராஃப்ட்ஸ் ரோட்டுப் பள்ளத்துல வேணும்னே இறக்கினேன். அப்பா தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "இடது பக்க ஷாக் அப்சார்பர் பார்க்கச் சொல்லு, லேசா ஒரு முனகல் இருக்கு"ன்னார். எனக்கு ஒண்ணும் கேக்கலை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் போல்ட் டைட் பார்க்க வரச் சொல்லியிருக்கார் பாய், அப்போ அதையும் கேட்டுடலாம்னு இருக்கேன்.